மணிக்கூட்டைப் பார்த்துப் பதில் சொன்னவர்

லண்டன் பிளேஸ்டோவில் எங்கள் தெருமுனை மருந்துக் கடையில் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் வேலை செய்தார். ஒடிசலான உடம்பு, கழுத்துவரை பொத்தான் பூட்டிய வெள்ளைக் கோட்டு. எதைக் கேட்டாலும் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

என் மூன்று வயது மகளுக்கு நெஞ்சுச்சளிக் காய்ச்சல். டாக்டர் எழுதிய அன்டிபயோட்டிக்கை இரண்டு தரம் கொடுத்தும் உடம்பு கொதித்தது. ஊரில் ஒரு ஊசியோடு காய்ச்சல் விட்டுப் பழகியவன் நான். பயந்துபோய்ப் போத்தலோடு ஓடினேன்.

“இந்த மருந்துக்குக் காய்ச்சல் கேக்கேல்லை அண்ணை. வேற தாங்கோ.”

“முதல்தரம் எத்தனை மணிக்குக் குடுத்தனீங்கள்?”

“காலமை எட்டுக்கு.”

மணிக்கூட்டைப் பார்த்தார். “இப்ப நாலு. மருந்து உள்ளுக்கை வேலையைத் தொடங்கீட்டுது. காய்ச்சல் இறங்க ரெண்டு மூண்டு நாள் எடுக்கும். மூச்செடுக்கக் கஷ்டப்பட்டா மட்டும் பாத்துக்கொண்டு நிக்காதேங்கோ, உடன ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கோ.”

இரண்டு நாளும் மகளின் மூச்சையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். மூன்றாம் நாள் காலை உடம்பு குளிர்ந்து, பசியில் பாண் கேட்டாள்.

அவரிடம் சொல்லக் கடைக்குப் போனேன். அவர் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் கதவடியைப் பார்த்தார்.

“பிள்ளை எங்கை?” கேட்டபடியே கவுண்டரை விட்டு வெளியே வந்தார்.

“வீட்டிலை. பாண் தின்னுறாள்.”

அவர் கவுண்டரில் சாய்ந்து, கோட்டின் கழுத்துப் பொத்தானைக் கழற்றினார்.