நாலாவது முனை

இது உண்மையில் நடந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதியில் "சும்மா கட்டுக்கதை" என்று எழுந்து போகிறவர்களை எனக்குப் பிடிக்காது. அன்று அந்த மண்டபத்தில் ஐந்து பேர் இருந்தார்கள். ஐந்து பேரும் கடைசிவரை ஒரே கதையைத்தான் சொன்னார்கள். அவர்களில் ஒருவர் கிண்ணியா லாபிர் நானா. பெற்றோல்மாக்ஸ் விளக்குகளை வாடகைக்குக் கொடுப்பவர், கோயில் நாடகம் என்றால் மட்டும் வாடகை வாங்கமாட்டார். பொய் சொல்லி அந்த மனிதருக்கு என்ன கிடைக்கப் போகிறது?

1967, தவக்காலம். திருகோணமலைத் துறைமுகத்துப் பக்கம் ஒரு சிறிய கத்தோலிக்கப் பங்கு. வருடாவருடம் பெரிய வெள்ளிக்கு அங்கே பாஸ்கு நாடகம் போடுவார்கள். ஒருவருக்கும் ஐந்து சதம் கிடையாது. பகலில் கப்பலில் மூட்டை இறக்கியவன் பின்னேரம் ரோமச் சேவகனாக நிற்பான். கந்தோரில் எழுதுவினைஞராக இருந்த லெஸ்லிதான் எல்லாவற்றுக்கும் தலைவர். உடுப்பெல்லாம் தைப்பது றோஸ்.

நாடகத்தின் கடைசிக் காட்சி, ஆண்டவருடைய சுரூபத்தைச் சிலுவையிலிருந்து இறக்கி, வெள்ளைச் சீலையில் கிடத்தி, நாலு பேர் நாலு முனையிலும் பிடித்துக் காவிக்கொண்டு போவது. ஊரே அழும். அந்தச் சீலைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒத்திகையானாலும் சரி, மூன்று பேர் அதைக் காவக் கூடாது. நாலு பேர், இல்லாவிட்டால் ஒருவருமில்லை. ஏன் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. தெரியாத கட்டுப்பாட்டைத்தானே நாங்கள் முதலில் மீறுவோம்?

பின்பக்கத்து இடது முனை றோஸின் புருஷன் அல்பிரட்டுடையது. கலியாணத்துக்கு முந்தியே அவன் பிடித்த இடம். கடற்காரன் அல்லவா, வலைக்கயிறு பிடிக்கிற பழக்கத்தில் சீலையைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றித்தான் பிடிப்பான். "சீலை கசங்குது" என்று றோஸ் ஒவ்வொரு வருடமும் ஏசுவாள். அவன் சிரித்துக்கொண்டு இன்னும் இறுக்குவான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவன் வள்ளத்தில் போனவன். வெள்ளிக்கிழமையாகியும் திரும்பவில்லை. மாமியார் கறுப்புச் சேலையை அலுமாரியிலிருந்து எடுத்து வைத்துவிட்டார். வீட்டில் ஒப்பாரிக்குப் பெண்கள் வந்து குந்திவிட்டார்கள். றோஸுக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. ஆள் சாகவில்லை, அழுகை மட்டும் தயாரா? புதிதாகத் தைத்த சீலையைத் தூக்கிக்கொண்டு ஒத்திகை நடக்கும் கோயில் மண்டபத்துக்கு வந்துவிட்டாள். நாலு முனையிலும் நீல நூலால் சின்னச் சின்னச் சிலுவை போட்டிருந்தாள்.

அங்கே அல்பிரட்டின் இடத்தில் கிறிஸ்தோபர் நின்றான். நிலாவெளிப் பெடியன், நல்லவன். லெஸ்லிதான் கூப்பிட்டிருந்தார்.

"ஆர் இவரை இதிலை விட்டது?" என்றாள் றோஸ்.

"பிள்ளை, பெரிய வெள்ளி கிட்டுது. ஒராள் வேணும்தானே..."

"அவர் வருவார். அவர்ர இடத்தை ஆருக்கும் குடுக்கவேண்டாம். குடுத்தா நான் இந்தச் சீலையைத் தரமாட்டன், லெஸ்லி அண்ணை."

கிறிஸ்தோபரின் முகம் செத்துப்போனது. "நான் போறன் அக்கா, கோவிக்காதேங்கோ" என்று சொல்லிவிட்டு ஐந்தரை பஸ்ஸைப் பிடிக்க ஓடினான். அவள் பின்னால் கூப்பிடவில்லை. அவன் அந்த முனையைப் பிடித்தால் அல்பிரட் இல்லை என்று அவளே ஒத்துக்கொண்ட மாதிரி. அவளால் அது ஏலாது.

லெஸ்லி பெருமூச்சு விட்டார். "சரி. மூண்டு பேரா ஒருக்கா நடந்து பார்ப்பம். அந்த முனை சும்மா தொங்கட்டும்."

"அப்பிடிச் செய்யிறதில்லை எண்டு சொல்லுவியள், அண்ணை?" என்று லாபிர் நானா கேட்டார்.

"ஒத்திகைதானே நானா."

துறைமுகத்தில் வேலை செய்யும் சகோதரர் இருவர் முன்முனைகளைப் பிடித்தார்கள். லெஸ்லி பின்பக்கம் வலது. சுரூபத்துக்குப் பதிலாக சேவகர்களின் சிவப்பு அங்கிகளை மூட்டையாகக் கட்டி நடுவில் வைத்தார்கள். இடது முனை சீமெந்து மேடையில் இழுபட்டது. மூட்டை அந்தப் பக்கம் சரிந்தது. றோஸ் கீழே வாங்குப் பலகையில் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே இருட்டிவிட்டது. ஒரு கப்பல் சங்கு ஊதி ஓய்ந்தது.

முதலில் சத்தம்தான் வந்தது. நனைந்த காலைச் சீமெந்தில் வைத்து எடுத்தால் கேட்குமே, அந்தச் சத்தம்.

சப்... சப்...

மேடையில் எல்லோரும் வெறுங்கால். ஒருவருடைய காலும் நனைந்திருக்கவில்லை.

சரிந்திருந்த மூட்டை மெல்ல நடுவுக்கு வந்தது. லெஸ்லி திரும்பிப் பார்க்காமலே, "ஆரது பிடிக்கிறது? றோஸ், பொம்பிளையள் பிடிக்கிறேல்லை" என்றார்.

"நான் இஞ்சை இருக்கிறன், அண்ணை."

லெஸ்லியின் கால் நின்றது.

விளக்கு மங்கவில்லை. வழக்கமான பேய்க் கதையில் மங்கும். இங்கே லாபிர் நானா அப்போதுதான் காற்றடித்து விட்டிருந்தார், வெள்ளை வெளேரென்று எரிந்தது. அதனால்தான் எல்லோருக்கும் தெரிந்தது.

நாலாவது முனை இடுப்பளவு உயரத்தில் நின்றது.

ஒருவருமில்லை.

சீலை முறுகியிருந்தது. இரண்டு சுற்று.

அந்தச் சுற்றுக்குள்ளே... வெறும் இடம்.

சகோதரரில் இளையவன் "மாதாவே" என்றான். அவனுடைய கை முனையை விடவில்லை, விட முடியவில்லை என்று பிறகு சொன்னான். றோஸுக்கு மட்டும் பயமே வரவில்லை. சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. எழுந்து மேடைக்கு ஓடினாள்.

"வந்திட்டீங்களே?"

உப்பு மணம். வலை மணம்.

"அல்பிரட்..."

சர்ர்ர்...

சீலை கிழிந்தது. மூட்டை தொம்மென்று விழுந்தது. லெஸ்லி ஏனோ கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு நாற்பது.

இடது முனை இல்லை. நீலச் சிலுவையோடு ஒரு முழத்துக்கு மேற்பட்ட துண்டு போய்விட்டது. விளக்கைப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் மேடை முழுக்கத் தேடினார்கள். வாங்குகளுக்குக் கீழேயும் பார்த்தார்கள். கிடைக்கவில்லை.

"அவர் உயிரோட இருக்கிறார்" என்றாள் றோஸ். சிரித்தாள். "கண்டனீங்கள்தானே எல்லாரும்? வீட்டை போயிருப்பார். நான் போய்ச் சோறு போடவேணும்."

ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் வாசலுக்குப் போனபோது, எதிரே ஒரு மீன் லொறி வந்து நின்றது. கிறிஸ்தோபர் குதித்து இறங்கினான். அவன் உடுப்பெல்லாம் மணல். அவளைக் கண்டதும் அழத் தொடங்கிவிட்டான். அல்பிரட் நிலாவெளியில் கரை ஒதுங்கியிருந்தான். பின்னேரம் நாலு மணிக்கே கண்டுவிட்டார்களாம்.

அடுத்த நாள் பெட்டியை மூடுமுன் றோஸ் அவனுடைய இடது கையைக் கண்டாள். இறுக மூடியிருந்தது. கையில் இரண்டு சுற்று வெள்ளைச் சீலை. நடுவில் நீலச் சிலுவை. அவள் கதறவில்லை. கையைத் திறக்கவும் விடவில்லை, அப்படியே அடக்கம் செய்தார்கள். அதற்குப் பிறகுதான் கறுப்புச் சேலையைத் தானே கேட்டு வாங்கிக் கட்டினாள்.

எட்டாம் நாள், எட்டுச் செலவன்று, கிறிஸ்தோபரைக் குசினிப் பக்கம் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "தூக்கேக்க அது அவர்ர கையிலை இருந்ததோ?"



"இல்லை அக்கா. நான் பஸ்ஸாலை இறங்கிப் போகேக்க மூண்டு பேர் நிண்டவை. ஊர் விதானையார் வந்து பார்க்குமட்டும் ஆளைத் தொடாமல் அலைக்கரையிலையே விட்டிருந்தவை. பாயிலை வைச்சுக் காவ நாலாவது ஆள் இல்லாமல் பார்த்துக்கொண்டு நிண்டவை. நான்தான் போய் இடது முனையைப் பிடிச்சனான். அப்ப அவர்ர கை விரிஞ்சு கிடந்தது. ஒண்டும் இல்லை. மேலை கொண்டுவந்து வைச்சிட்டுப் பார்த்தால்... மூடியிருந்தது."

"எத்தினை மணி?"

"ஆறு நாப்பது இருக்கும். விதானையார் மணி பார்த்துச் சொன்னவர்."

அவன் போகத் திரும்பி, வாசலில் மறுபடி நின்றான்.

"அக்கா... அவர்ர உடம்பாலை தண்ணி வடிஞ்சுகொண்டு இருந்தது. அந்தச் சீலைத் துண்டு மட்டும் காய்ஞ்சு கிடந்தது."