கரைஞ்சது எங்க போகும்?

படம் கீறினால் புள்ளி கிடையாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் உயர்தரம் வரை உயிரியலில் நான் கரையேறியதே படத்தால்தான். உயிர்க்கலத்தை ஒரு வட்டமாகக் கீறி, நடுவில் கருவை வைத்து, இழைமணிகளை அவரை விதை மாதிரி அங்கங்கே போட்டு, கோடு இழுத்துப் பெயர் எழுதினால் முழுப் புள்ளி வந்துவிடும். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கலவியலும் மூலக்கூற்று உயிரியலும் படிக்கப் போனால், அங்கே வாரத்துக்கு ஒரு பக்கம் எழுது என்கிறார்கள். அதுவும் ஆங்கிலத்தில், கலத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவருக்கு விளங்கும்படி. எழுதிக் கொடுத்தால் திருத்தச் சொல்லித் திரும்பி வரும். திருத்திக் கொடுத்தால் மறுபடியும் வரும்.

நான் கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவள். பாடமாக்குவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. சொந்தமாக ஒரு வசனம் எழுது என்றால் மட்டும் பேனா நகராது. வந்த ஆத்திரத்தில், விஞ்ஞானம் படிக்க வந்தோமா கட்டுரைப் போட்டிக்கு வந்தோமா என்று விடுதியில் எல்லோரிடமும் கத்திக்கொண்டு திரிந்தேன்.

அந்தப் பாடத்தை எடுத்த மிஸ் யாழ்ப்பாணத்துக்காரர், என் அம்மா வயதிருக்கும். வகுப்பில் ஆங்கிலம்தான். தாளைத் திருத்தித் தர அறைக்குக் கூப்பிட்டால் தமிழில் பேசுவார். சிவப்புப் பேனா தொடமாட்டார். பென்சிலால் ஒரு சின்ன வட்டம், அவ்வளவுதான். என் தாளில் வட்டம் விழுகிற இடம் எப்போதும் ஒன்றுதான். இந்தப் புரதம்தான் கலத்தைப் பிரிய வைக்கிறது என்று நான் அடித்துச் சொல்லியிருப்பேன். அந்த ‘வைக்கிறது’ மேல் வட்டம் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்.

“நீர் பாத்தனீரோ?”

நான் எங்கே பார்த்தேன்? புத்தகத்தில் இருக்கிறது என்பேன். புத்தகத்தை எடுத்துக் காட்டச் சொல்வார். எடுத்தால் அங்கே ஆங்கிலத்தில் ‘மே’, அதாவது ‘வைக்கலாம்’ என்றுதான் இருக்கும். அந்த ‘லாம்’ எப்படித்தான் என் கண்ணில் படாமல் போனதோ, தெரியாது.

உண்மையைச் சொன்னால், பட்டுத்தான் தாண்டிப் போயிருப்பேன். எங்கள் தோட்டத்தில் வளர்ந்த யாருக்கும் லாம் பிடிக்காது. தண்ணீர்ப் பைப் போடலாம் என்று ஆபீசில் சொன்னால், போட மாட்டார்கள். கூரைத் தகரம் மாற்றலாம் என்றால் அடுத்த மழைக்கும் சட்டி வைக்க வேண்டும். பார்க்கலாம், யோசிக்கலாம், செய்யலாம். அம்மா இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவள். யாராவது ‘லாம்’ என்று இழுத்தால், “லாம்னா இல்லைன்னு அர்த்தம்” என்று முந்தானையை உதறிக்கொண்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவாள். அப்படிப்பட்டவளின் மகள் பல்கலைக்கழகம் வரைக்கும் வந்து, லாம் போட்டு எழுதப் பழக வேண்டுமாம்.

படிப்புத் தவணை முடிவில் ஒரு பெரிய கட்டுரை. விஞ்ஞானம் படிக்காத ஒருவரை வாசகராக வைத்துக்கொண்டு எழுத வேண்டும். எழுதியதை அவருக்கு விளங்கும் மொழியில் சொல்லிக் காட்ட வேண்டும். அவர் கேட்கும் ஒரு கேள்வியை, அவர் கேட்டபடியே தனித்தாளில் எழுதி இணைக்க வேண்டும். பிறகு அந்தக் கேள்விக்குப் பதில் வரும்படி கட்டுரையை மறுபடி எழுத வேண்டும். நான் அம்மாவை வைத்துக்கொண்டேன். பாசத்தால் அல்ல. அம்மா பெரிதாக ஒன்றும் கேட்கமாட்டாள், வேலை சுலபமாக முடியும் என்ற கள்ளப் புத்திதான்.

அம்மா தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்தாள். கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் காலையில் கைப்பிள்ளைகளை அங்கே விட்டுப் போவார்கள், அம்மா அவர்களைப் பார்த்துக்கொள்வாள். நான் வீட்டுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை, காம்பராவிலிருந்து கொண்டுவந்த தொட்டில் சேலை ஒன்றின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, ஆங்கிலத்தைப் பார்த்துப் பார்த்து எங்கள் பேச்சில் சொல்லிக்கொண்டு போனேன். கலம் என்றதும் சோறு போடுற ஏனமா என்று கேட்டாள். சிரித்துவிட்டு விளக்கினேன். ஒடம்பு முழுக்கச் சின்னச் சின்னக் கலம், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கரு என்றேன். அம்மா ஊசியில் நூல் கோத்தபடி தலையாட்டினாள்.

“அந்தக் கலம் ரெண்டாப் பிரியிறதுக்கு முன்னால, கருவச் சுத்தி இருக்கிற சவ்வு ஒடைஞ்சிரும். கரு கரைஞ்சி போயிரும்.”

அம்மாவின் கை நின்றது.

“கரைஞ்சது எங்க போகும்?” என்றாள்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. “அது இல்லம்மா. இது வேற கரு” என்றேன். சொன்ன வாய் மூடுமுன்னே, என்ன சொன்னேன் என்பது உறைத்துவிட்டது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

எனக்கு முன்னால் அம்மா வயிற்றில் ஒன்று இருந்தது. ஐந்தாம் மாதத்தில் போய்விட்டது. அம்மா சொல்லித் தெரிந்ததல்ல. பீலியடியில் தண்ணீர் பிடிக்கிற பெண்கள் பேசியதைச் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். வீட்டில் அதைப் பற்றி யாரும் வாய் திறந்ததில்லை. அன்றைக்கு அம்மாவே, சேலையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

“ஆஸ்பத்திரியில எங்க வச்சீங்கன்னு கேட்டேன். சிங்களத்துல என்னமோ சொன்னாங்க, எனக்கு வெளங்கல. ஒரு பூ போடக்கூட எடம் தெரியாது எனக்கு.” கொஞ்ச நேரம் தைத்தாள். பிறகு, “கேக்கிற கேள்விய எழுதணும்னியே. எழுதிக்க” என்றாள்.

எழுதிக்கொண்டேன். ‘கரைஞ்சது எங்க போகும்?’ என்று தமிழிலேயே எழுதினேன். இத்தனை வருடமாக அவள் அந்தக் கேள்வியோடு ஊரார் பிள்ளைகளுக்குத் தொட்டில் ஆட்டியிருக்கிறாள்.

அந்த வாரம் நூலகமே கதியென்று கிடந்தேன். கரைகிற சவ்வின் துண்டுகள் எங்கே போகின்றன என்று தேடப் போய், வேறொரு கட்டுரையில் முட்டிக்கொண்டேன். வயிற்றிலிருக்கும் பிள்ளையின் கலங்கள் சில, நஞ்சுக்கொடி வழியாகத் தாயின் இரத்தத்தில் கலந்துவிடுகின்றன. பிள்ளை பிறந்து எத்தனையோ வருடம் கழித்தும் அவை தாயின் உடம்பில் காணப்பட்டிருக்கின்றன. பிள்ளை தங்காமல் போன தாய்மாரிடமும் கண்டிருக்கிறார்கள். ஒரு பிள்ளையின் கலம் தாய் வழியாகப் பின்னால் வரும் பிள்ளைக்கும் போகக்கூடும் என்று கடைசியில் ஒற்றை வரி. மேசையில் தலையைக் கவிழ்த்து, எதிரே இருந்தவர்கள் பார்க்கப் பார்க்க அழுதேன்.

கட்டுரையை ஒரே மூச்சில் புதிதாக எழுதினேன். வாழ்நாளில் முதல்முறையாகப் பேனா நிற்கவில்லை. ‘அந்தப் பிள்ளை என் அம்மாவிடம் இருக்கிறது’ என்று முடித்தேன். மிஸ் முழுவதையும் வாசித்தார். ‘இருக்கிறது’ மேல் வட்டம் போட்டார்.

இந்த முறை நான் விடவில்லை. லாம் போட்டால் எங்கள் அம்மா அதை இல்லை என்றுதான் எடுப்பார், உங்களுக்கு அது விளங்காது என்று, மரியாதை மறந்து சத்தமாகவே சொல்லிவிட்டேன். மிஸ் கோபப்படவில்லை. கேள்வி எழுதியிருந்த தாளைப் புரட்டி எடுத்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்த ஒரு வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இவவை எத்தினை பேர் ஏமாத்தியிருப்பினம்” என்றார். “நீரும் ஏமாத்தாதையும், பிள்ளை. உள்ளதைச் சொல்லும். அதுவே காணும்.”

கட்டுரையில் ‘இருக்கலாம்’ என்று மாற்றினேன். ஆனால் கலஹா பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது மனம் வேறு கணக்குப் போட்டது. வீட்டில் நான் தமிழில் சொல்லப்போவதை மிஸ் வந்து கேட்கப்போவதில்லை. இருக்கிறது என்றே சொல்லிவிட்டால் என்ன? அம்மாவுக்கு ஆறுதலாக இருக்கும். ஒரே ஒரு சொல். வளைவுக்கு வளைவு மனது மாறிக்கொண்டே வந்தது. இறங்கும்போதும் எதையும் முடிவு செய்திருக்கவில்லை.

அம்மா அடுப்படியில் பருப்பைக் கடைந்துகொண்டிருந்தாள். பலகையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். நீ கேட்டதற்குப் பதில் கொண்டுவந்திருக்கிறேன் என்றேன். நஞ்சுக்கொடியைச் சொன்னேன், இரத்தத்தைச் சொன்னேன், வருடக்கணக்காய் இருப்பதைச் சொன்னேன். அம்மா மத்தை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

“கரைஞ்சி எங்கயும் போகாம, ஒன்கிட்டயே கொஞ்சம் இருக்கலாம்மா.”

“லாமா?”

முந்தானைக்குக் கை போகுமோ என்று பயந்தேன். அவசர அவசரமாகச் சொன்னேன். நிறைய அம்மாமாரின் இரத்தத்தை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள், பல பேருக்கு இருந்திருக்கிறது, எல்லோருக்கும் இருந்ததாகச் சொல்லவில்லை.

“எனக்குப் பாக்கல.”

“பாக்கலம்மா.”

“பாக்காம இருக்குன்னு சொன்னா அது பொய்தானே.”

“ஆமா.”

அம்மா மறுபடி மத்தை எடுத்தாள். இரண்டு சுற்றுக் கடைந்தாள். “அப்ப இது வேற லாம்” என்றாள்.

விறகு புகைந்ததால் கண்ணைத் துடைத்துக்கொள்வது சுலபமாக இருந்தது. அம்மா சட்டியை இறக்கி வைத்தாள். எதையோ யோசித்தபடி நின்றவள், என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

“நீயும் அதே வயித்துலதானே இருந்த. ஒன்கிட்டயும் வந்திருக்குமா?”

நூலகத்தில் கண்ட ஒற்றை வரி ஞாபகத்துக்கு வந்தது. கட்டுரையில் அதை நான் சேர்க்கவே இல்லை.

“வந்திருக்கலாம்மா” என்றேன். அந்தச் சொல் அவ்வளவு லேசாக என் வாயில் அதற்கு முன் வந்ததே இல்லை.

அம்மா தட்டைக் கழுவிச் சோறு போட்டாள். பருப்பை ஊற்றினாள். கத்தரிக்காயை ஓரமாக வைத்தாள். என் முன்னால் தட்டை நகர்த்திவிட்டு, “சாப்பிடுங்க ரெண்டு பேரும்” என்றாள்.

அப்பா வந்துவிட்டாரோ என்று வாசலைத் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. அம்மா ஒரு தட்டுதான் வைத்திருந்தாள். சோறு மட்டும் வழக்கத்தைவிட ஒரு கரண்டி கூட இருந்தது.