வெள்ளைக் கிரகத்துக்காரி என்ன சொன்னாள்

ஜப்பான் பொம்மைப்படங்களுக்கான அனிமே என்ற சொல்லை நான் கேள்விப்பட்டது கல்லூரிக்குப் போன பிறகுதான். இரண்டாயிரத்து ஐந்தின் மழைக்காலத்தில், மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த எனக்கு அது வெறும் பொம்மைப்படம். அதைப் பார்ப்பதற்காகத்தான் நாங்கள் எல்லோரும் மரக்காணத்திலிருந்து பஸ் ஏறி, கிளியனூரில் இருந்த அத்தை வீட்டுக்குப் போகிறோம் என்று நம்பினேன். "அத்த வூட்ல கலர் டிவி வாங்கியிருக்காங்க, புதுசா ஒரு பொம்மப்படம் வருதாம்" என்று அம்மா சொன்னதுமே தலைவார வந்து உட்கார்ந்துவிட்டேன். அக்காவுக்கு மட்டும் அம்மா தன்னுடைய கல்யாணப் புடவையைக் கட்டிவிட்டாள். டிவி பார்க்க எதற்குப் பட்டுப்புடவை என்று கேட்டேன். அம்மா அவள் தலையில் பூவைச் செருகினாள்.

அக்கா அப்போது பத்தாம் வகுப்பு. இங்கிலீஷில் அவள் வகுப்பில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. உப்பு லாரிகளின் பின்பக்கத்தில் எழுதியிருப்பது, பிஸ்கட் உறையில் பொடி எழுத்தில் இருப்பது என்று கண்ணில் பட்டதையெல்லாம் சத்தமாகப் படித்து எனக்கு அர்த்தம் சொல்வாள். அப்பாவுக்கும் அதில் பெருமைதான். ஆனால் போன வருஷக் கடைசியில் கடல் உள்ளே புகுந்து, அவர் குத்தகைக்கு எடுத்திருந்த உப்பளத்தின் வரப்புகளை உடைத்துச் சேற்றை நிரப்பிவிட்டுப் போனதிலிருந்து, அவர் எதற்கும் பெருமைப்படுவதை விட்டிருந்தார்.

அத்தை வீட்டுக் கூடத்தில் பாய் விரித்திருந்தார்கள். பெரியவர்கள் பின்னால் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். டிவிக்குப் பக்கத்தில், கையில் ரிமோட்டுடன் அத்தை மகன். சொந்தமாக டிராக்டர் ஓட்டுகிறவர். காதோரம் நரைக்க ஆரம்பித்திருந்தது.

படம் தொடங்கியது. முதலில் ஒரு வெள்ளை நிலம். எங்கள் உப்பளம்தான் என்று நினைத்தேன். ஆனால் மேலே இரண்டு சூரியன்கள். உப்பு வாரும் ஆள் ஒருவரையும் காணோம். தூரத்திலிருந்து ஓர் இரும்புக் குதிரை புகை கக்கிக்கொண்டு ஓடிவந்தது. அதன்மேல் அகலத் தொப்பி போட்ட ஒரு பெண், இடுப்பில் துப்பாக்கி. வானத்திலிருந்து ஒரு ரயில் தண்டவாளமே இல்லாமல் வந்து இறங்கியது. மார்பில் நட்சத்திரம் குத்திய ஒரு கிழவன், அதில் ஏறச் சொல்லி அவளுக்குக் கையைக் காட்டினான். அப்படி ஒன்றை நான் அதுவரை பார்த்ததே இல்லை. ஆனால் எல்லோரும் இங்கிலீஷில் பேசினார்கள்.

"அக்கா, அவ இன்னா சொல்றா?"

அக்கா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். பின்னால் அத்தையின் குரல் கேட்டது. "நக நட்டு ஒண்ணும் வோணாம்பா. பொண்ண அனுப்பு, போதும். தையிலயே முடிச்சிடலாம்."

"பரீட்ச முடிஞ்சதும் வெச்சிக்கலாமேக்கா" என்றார் அப்பா மெதுவாக.

"பரீட்ச எழுதி இன்னா, கலெக்டராவா ஆவப்போறா?"

அப்பா அதற்குமேல் பேசவில்லை. யாருக்கு எதை முடிக்கிறார்கள் என்று நான் காதில் வாங்கவில்லை. எனக்கு அந்தத் தொப்பிக்காரிதான் முக்கியம். அக்காவின் முழங்கையைப் பிடித்து உலுக்கினேன்.

அக்கா நிமிர்ந்தாள். "அந்த ரயில்ல ஏற மாட்டேன்னு சொல்றா."

"ஏன்?"

"பரீட்ச இருக்குதாம். எழுதிட்டுதான் எங்கியும் வருவாளாம்."

அதற்குள் தொப்பிக்காரி துப்பாக்கியை எடுத்துச் சுட ஆரம்பித்திருந்தாள். "இப்ப இன்னா சொல்றா?"

"எங்கப்பா எனக்காக ஒரு வார்த்த பேசுவாருன்னு பார்த்தேன், பேசலியேன்னு சொல்றா."

"அவ அப்பா எங்க? காணோமே."

"இங்கதான் எங்கியோ குந்திக்கினு இருக்காரு."

அவள் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தை மட்டும் சிரித்தாள். "பாரேன், எப்படிப் புரிஞ்சிக்கினு சொல்லுது பொண்ணு."

அத்தை மகன் அக்காவைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினார். குண்டுச் சத்தத்தில் ஜன்னல் கம்பிகூட அதிர்ந்தது. அக்காவின் உதடுகள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன. என்ன சொல்கிறாள் என்று பக்கத்திலிருந்த எனக்கே கேட்கவில்லை. அவர் மிக்சர் தட்டை என் பக்கம் நகர்த்திவைத்தார். எனக்காகத்தான் சத்தம் வைத்தார் என்று நினைத்தேன். அந்த வீட்டில் என்மேல் அக்கறை உள்ளவர் இவர் ஒருவர்தான் என்றும் தோன்றியது.

திரும்பும்போது பஸ்ஸில் அக்காவிடம் சண்டை பிடித்தேன். "நீ சொன்னதெல்லாம் பொய். அந்தப் பொம்பள சிரிச்சிக்கினுதான் சுட்டா. நீ ஏன் அழுவற மாதிரி சொன்ன? உனக்கு இங்கிலீஷே தெரியல."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நான் தமிழ்லதான்டி சொன்னேன்" என்றாள்.

முன் இருக்கையில் இருந்த அப்பா திரும்பிப் பார்க்கவில்லை.

தை மாதம் கல்யாணம் நடந்தது. பங்குனியில் அவள் வகுப்புப் பெண்கள் பரீட்சை எழுதப் போனார்கள். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. டிவி இருக்கும் வீடு இப்போது அக்காவின் வீடு. லீவு விட்டால் போதும், என்னைக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். வெள்ளைக் கிரகத்துக் கதை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, மறுபடி பார்க்கத் தொடங்கினேன். தொப்பிக்காரி புதுப் புது ஊர்களுக்குப் போனாள். அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் நான் சமையலறையைப் பார்த்துக் கத்துவேன். "அக்கா, இப்ப இன்னா சொல்றா?"

"தெர்லடி. சும்மா பாரு" என்று பதில் வரும். சில நாள் அதுவும் வராது. பாத்திரம் தேய்க்கும் சத்தம்தான் வரும்.

கல்யாணம் ஆனால் இங்கிலீஷ் மறந்துபோய்விடும் என்று நான் முடிவு செய்துகொண்டேன். பள்ளிக்கூடம் திறந்ததும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளிடம் அதைப் பெரிய ரகசியம்போலச் சொல்லவும் செய்தேன்.