முகூர்த்தத்துக்கு வராத பதிகம்

அம்மையப்பர் திருவடியைத் தலைமேற்கொண்டு, தை வளர்பிறைப் பஞ்சமியாகிய இந்நன்னாளில் இதனை எழுதுகிறேன். மனம்தான் அமைதியாக இல்லை. இன்று காலையும் ஊர் வானொலி, நேற்றுப் போட்ட பாட்டுகளையே நேற்றைய வரிசையில் போட்டது. பிரதோஷமோ பெருமழையோ அந்தப் பெட்டிக்கு ஒன்றுதான். தொலைபேசியில் குறை சொன்னேன். "கம்ப்யூட்டர் போடுதுங்க ஐயா, நாங்க என்ன பண்றது?" என்றது ஒரு பெண்குரல்.

இந்த நோய் தொடங்கிய காலையை நான் நேரில் கண்டவன்.

நான் சிறுவனாக இருந்தபோது பரமத்தி வேலூரில் அத்தைக்குத் திருமணம். நாளுக்கும் திதிக்கும் ஏற்பப் பாட்டைத் தேர்ந்து போடும் காலை அறிவிப்பாளர் ஒருவர் அப்போது நகர வானொலியில் இருந்தார். தாலி ஏறும் நேரத்தில் அவர் அறிவிக்க, ஒரு பதிகம் ஒலிக்கவேண்டும் என்பது அத்தையின் ஆசை. சித்தப்பா எங்கள் கொடிக்கால் வெற்றிலையைத் தட்டில் வைத்து, என்னையும் கூட்டிக்கொண்டு நிலையத்துக்கே சென்றார். வெற்றிலையை வாங்கினால் வாக்குக் கொடுத்ததாகவே எங்கள் பக்கம் கொள்வர். அறிவிப்பாளர் சற்றுத் தயங்கி, பிறகு இரு கைகளாலும் வாங்கினார். "ஆறே காலுக்குப் போட்டுடறேனுங்க" என்றார். சித்தப்பா அன்றே ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்.

முகூர்த்தத்தன்று ரேடியோவை ஒலிபெருக்கியோடு இணைத்தார்கள். ஆறே கால் ஆயிற்று. அறிவிப்பே இல்லாமல் வந்தது, முந்தின நாள் வந்த அதே பிரிவுச் சோகப் பாட்டு. பந்தல் சிரித்தது.

"ஏப்பா, உம்பட வெத்தலைக்குச் சுண்ணாம்பு பத்தலையாட்ட இருக்குது!" என்றார் தாய்மாமன். சித்தப்பா ரேடியோவின் காதைத் திருகினார். அத்தை குனிந்த தலை நிமிரவில்லை.

பந்தி நடக்கும்போது அறிவிப்பாளர் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்தார். கையில் அவருடைய சொந்த இசைத்தட்டு.

"பாட்டுப் பட்டியல் மேலேர்ந்து வந்துருச்சுங்கம்மா. அத மீறக்கூடாதுன்னுட்டாங்க. நானு வெத்தலய வாங்கிட்டேனே!" என்று அத்தையிடம் கைகூப்பினார். பின்பு மைக்செட்டில் தட்டை ஏற்றி, வானொலியில் சொல்வது போலவே திதியும் நட்சத்திரமும் மணமக்கள் பெயரும் சொல்லிப் பதிகத்தை ஒலிக்கவிட்டார். அத்தை இலைமுன் எழுந்து நின்று அழுதார்.

நானோ, பாட்டுக்குத் தவறியவர் பந்திக்குத் தவறவில்லை என்று மனத்துக்குள் பழித்தேன். "நாளைக்குக் காத்தால ரேடியோவுல பேசோணுமல்லங்க, பஸ்ஸுக்கு நேரமாவலீங்களா?" என்று கேட்டும்விட்டேன்.

"அவசரமில்ல சாமி" என்று இன்னொரு கரண்டி பாயசம் வாங்கிக்கொண்டார்.

அவருக்கு ஏன் அவசரமில்லை என்பது அன்று எனக்கு விளங்கவில்லை. அந்தக் குரலை வானொலியில் நாங்கள் பிறகு கேட்கவேயில்லை.

இதனைப் படிப்போர் இல்லங்களில் நாளறிந்த நல்லிசை ஒலிக்க, ஈசன் அருள்க.