மேகத்துக்கு அடியில் இருந்த வாழை

பாளையங்கோட்டையில் தொலையுணர்வு முதுகலை படிக்கிறேன். செயற்கைக்கோள் படங்களை கோடிங் எழுதி வரைபடமாக்கும் பாடம்தான் எங்களுக்குக் கடினம். இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை என் புரோகிராம் ஓடியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வாரம் பெருமழை. முக்கூடலில் வாழை போட்டிருந்த சித்தப்பா, மகள் பிரசவத்துக்காகச் சென்னையில் இருந்தார். "ஏட்டி, வாழைக்குள்ள தண்ணி நிக்குதான்னு யாரையாவது போய்ப் பாக்கச் சொல்லட்டுமா?" என்று போனில் கேட்டார்.

"யாரும் போவாண்டாம் சித்தப்பா. நான் வானத்துல இருந்தே பாத்துட்டேன். சொட்டுத் தண்ணி இல்ல."

மேகம் மறைத்த இடங்களில் முந்தைய வாரத்துப் படத்தை எடுத்து ஒட்டும்படி நானேதான் எழுதியிருந்தேன். சித்தப்பா வயல் தெரிந்ததும் அப்படி ஒட்டிய பழைய துண்டில்தான் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. முதல் நாளே வடிகால் வெட்டியிருந்தால் தப்பியிருக்கும். ஐந்து நாள் தண்ணீர் நின்று, குலை தள்ளிய ஏத்தன் வாழை அத்தனையும் வேர் அழுகிச் சாய்ந்தது.

ஊர் திரும்பிய சித்தப்பா திட்டவில்லை. "பழைய படம்னு உனக்கே தெரியலல்லா. விடு" என்றார்.

இப்போது என் வரைபடங்களில், எந்தத் துண்டு எந்த நாளில் எடுத்தது என்று எழுதிவிடுகிறேன். வயலில் நிற்கும் ஒருவரிடம் கேட்காமல் வாய் திறப்பதில்லை. அதற்குப் பிறகு இரண்டு மழை வந்துவிட்டது. இரண்டு முறையும் சென்னையில் இருந்த சித்தப்பா, வாழையைப் பார்க்கச் சொல்லிப் பக்கத்து வயல்காரரைத்தான் போனில் கூப்பிட்டார்.