பால் குடிக்கையில் வேர்க்கிற பிள்ளை

பிள்ளைக்குப் பால் கொடுப்பதை உட்கார்ந்த இடத்து வேலை என்று சொல்கிறவர்கள் அந்த வேலையில் உட்கார்ந்து பார்த்ததில்லை. கைப்பிள்ளைக்காரிகளே, உங்களுக்குச் சொன்னால் புரியும் என்றுதான், மகன் கண்ணயர்ந்த நேரத்தில் எழுதுகிறேன்.

வேர்வை

நாலு வாய் உறிஞ்சுவான், நிறுத்துவான். முகம் வெளுக்கும். நெற்றி சில்லென்று வேர்க்கும். யாரோ கிள்ளியதுபோல் வீறிடுவான். பயந்துபோய் மாமியாரிடம் காட்டினேன். நெற்றியைத் துடைத்துவிட்டு, வாயெல்லாம் பல்லாகச் சொன்னார்: "இப்பமே வேர்க்க வேர்க்க உழைக்கிறான் பாரு. அவனைப் பெத்த அப்பச்சி மாதிரி ரங்கூன்ல கடை நடத்தப் போற பிள்ளையில்லே!"

ஆளுக்கொரு அடுப்பு

எங்கள் வீட்டில் கூரை ஒன்று. கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் அடுப்பு வேறு. வைத்தியமும் வேறு. மூத்த ஓரகத்தி மாமியாருக்குத் தெரியாமல் ஓமத்தண்ணீர் புகட்டினார். இளையவள் மூத்தவருக்குத் தெரியாமல் வசம்பு உரைத்து நாக்கில் தடவினாள். மாமியார் யாருக்கும் தெரியாமல் கோரோசனை கொடுத்தார். எல்லாம் ஒரே காலையில். பிள்ளை கக்கிக் கக்கித் துவண்டுபோனான். குட்டு வெளிப்பட்டும் மூத்தவர் அசரவில்லை: "எங்க அடுப்பு மருந்து ஒண்ணும் பண்ணாது. அங்குட்டு அடுப்பு மருந்துதான் கெடுத்துப்புடுச்சு."

மதுரை டாக்டர்

மாமியாரோடு மதுரைக்குப் போனேன். லேடி டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்து வெகுநேரம் கேட்டுவிட்டு, இங்கிலீஷில் விளக்கினார். நான் கான்வென்டில் படித்த இங்கிலீஷ் அன்றைக்குத்தான் உதவிற்று, உதவாமலே இருந்திருக்கலாம். இதயமும் தனக்கென்று ரத்தம் வாங்கித்தான் பிழைக்கிறதாம். அதற்கு இரண்டு குழாய்கள். மிக அபூர்வமாக ஒரு பிள்ளைக்கு, அதில் ஒன்று இடம் மாறி, நுரையீரலுக்குக் கெட்ட ரத்தம் கொண்டுபோகிற குழாயில் கிளைத்துவிடுமாம். பால் உறிஞ்சுகிற சிரமத்தில், நல்ல ரத்தம் போதாமல் இதயம் பசித்து வலிக்குமாம். இவனுக்கும் அப்படி இருக்கலாம், வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல வழியில்லை என்றார்.

மற்றப் பிள்ளைகளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். அவர் மகனுக்குச் சட்டையை மாட்டிவிட்டு, பித்தானை ஒவ்வொன்றாகப் போட்டார். உயிர் போனபிறகு அறுத்துப் பார்த்துத்தான் என்று புரிந்தது. அதை மட்டும் விட்டுவிட்டு, மற்றதை மாமியாருக்குத் தமிழில் சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று: "வலியிலயா வேர்த்துச்சு? நான் பெருமையில்ல பேசிக்கிட்டுத் திரிஞ்சேன்!"

பாலாடை

இதற்கு மருந்து இல்லை என்றார் டாக்டர். உறிஞ்சவிடாமல், பாலாடைச் சங்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டச் சொன்னார். சில பிள்ளைகளுக்கு நல்ல குழாயிலிருந்து சின்னக் கிளைகள் தாமே படர்ந்து, பசித்த பக்கத்துக்கும் ரத்தம் கொடுக்குமாம். எல்லாருக்கும் இல்லை. இப்போது மாமியார் என் அறை வாசலில் உட்கார்ந்து, மருந்துக் கிண்ணத்தோடு வருகிற எவரையும் உள்ளே விடுவதில்லை. போன வாரம் மகனைத் தராசில் கிடத்திப் பார்த்த டாக்டர், மாமியாருக்கும் விளங்கட்டும் என்று தமிழிலேயே சொன்னார்: "கூடவில்லை. குறையவுமில்லை. இந்த மாதத்துக்கு அது போதும், அம்மா."

ஊரில் மற்றத் தாய்மார் பிள்ளைக்கு எப்போது பல் முளைக்கும் என்று பார்த்திருக்கிறார்கள். நான் ஒருத்திதான், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கண்ணுக்குத் தெரியாத குழாய் ஒன்று முளைக்கிறதா என்று பார்த்திருக்கிறேன்.