கேபிளை வெட்டிய வீட்டில் தீபாவளி

என் வீட்டுக்காரர் பன்னீர்செல்வம் துறைமுகத்தில் முப்பது வருடம் வயர்லெஸ் ஆபரேட்டர். நடுக்கடலில் நிற்கும் கப்பலோடு பேசியவருக்கு, வங்காளத்து ஜாதவ்பூரில் எங்கள் தெருவுக்குக் கேபிள் கொடுக்கும் தாபஸ் எம்மாத்திரம்? ஓய்வு பெற்ற மறுமாதமே, "பாக்காத நாப்பது சேனல எதுக்கு நம்ம தலையில கட்டுதான்?" என்று கேபிளை நிறுத்திவிட்டார்.

தாபஸ் வெறும் கேபிள்காரர் இல்லை. காளி பூஜைக் கமிட்டிச் செயலாளர். தண்ணீர்க் குழாய் உடைந்தால் ஆள் அனுப்புவதும் அவர்தான். அவரைப் பகைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொன்னேன். கேட்டால்தானே. தாபஸ் சண்டைக்கு வரவில்லை. "பௌதி, வயர் அப்படியே இருக்கட்டும். வேண்டும்போது சொல்லுங்கள்" என்று, என்னை அண்ணி முறை வைத்து, வங்காள மொழியில் சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே என் வீட்டுக்காரர் கட்டிங் பிளேயரை எடுத்து அந்த வயரை வெட்டிப் போட்டார்.

மொட்டைமாடியில் ஆன்டெனா ஏறியது. நாலு நாள் அவர் மேலே அதைத் திருப்புவதும், "இப்ப வருதா?" என்று கத்துவதும், ஜன்னலில் நின்று நான் "வருது", "போயிட்டு" என்று சொல்வதுமாகப் போனது. கடைசியில் வந்தது வங்காளச் செய்தியும் வயல்வெளி நிகழ்ச்சியும்தான். தமிழ் பார்க்க மகன் சதீஷின் ஸ்ட்ரீமிங் கணக்கு. அவன் ஊரின் மறுகோடியில், நியூ டவுனில் தனியாக இருக்கிறான், ஐ.டி.யில் இரவு ஷிப்ட்.

போன மாதம் தூத்துக்குடியிலிருந்து தம்பி முருகானந்தம் போன் செய்தான். பள்ளிக்கூட வாத்தியார். தீபாவளிப் பட்டிமன்றத்தில் முதல் தடவையாக டிவியில் பேசியிருக்கிறான்.

"காலையில பத்து மணிக்குப் போடுவாவ. உன்னப் பத்திச் சொல்லியிருக்கேன்க்கா. கண்டிப்பா பாரு."

என்ன சொன்னாய் என்று கேட்டால் சிரித்தான். அம்மா போன பிறகு அவனை வளர்த்தது நான். ஊரறிய என்னைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னதில்லை. அதைக் கேட்க எனக்கு ஆசையாக இருந்தது.

தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்து, ஒன்பதே முக்காலுக்கே டிவி முன்னால் உட்கார்ந்தேன். திரையில், 'இந்த டிவி உங்கள் வீட்டைச் சேர்ந்தது அல்ல. கணக்கு வைத்திருப்பவரின் எண்ணுக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறோம்' என்று வந்தது. என் வீட்டில் உட்கார்ந்திருக்கும் என்னிடமே சொல்கிறது. ஓடிபி போனது சதீஷுக்கு. அவன் ஷிப்ட் முடிந்து தூங்குகிறான்; போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

"ஏங்க, தாபஸக் கூப்பிடுங்க."

"அவன்கிட்ட போய் நிக்கச் சொல்லுதியா? அஞ்சு நிமிசம் பொறு."

பத்தரைக்குச் சதீஷ் எடுத்தான். இவர் கண்ணாடியைத் தேடிப் போட்டு, ரிமோட்டில் ஒவ்வொரு எண்ணாக அமுக்குவதற்குள் ஓடிபி காலாவதி. அடுத்ததைத் தப்பாக அமுக்கினார். சிறிது நேரம் கழித்து முயலவும் என்று வந்தது. மறுபடி அஞ்சு நிமிசம் என்றார். நானும் ஒரு மடச்சி, பதினொன்று வரை நம்பினேன்.

அதற்குமேல் பொறுக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு தாபஸ் வீட்டுக்கு ஓடினேன். பந்தல் வேலையை விட்டுவிட்டு வந்து, அவரே தமிழ்ச் சேனலைத் தேடிப் போட்டார். நடுவர் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார். தம்பி புதுச் சட்டையில் உட்கார்ந்து கைதட்டினான். அவன் பேசி முடித்து எத்தனை நேரம் ஆயிற்றோ. தாபஸின் மனைவி கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

வந்ததும் போன்.

"அக்கா, பாத்தியா?"

அந்தக் குரலுக்கு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"பாத்தேன்டே."

"நான் சொன்னது சரிதானக்கா? அழுதுட்டியோ?"

"ஆமாடே. அழுதுட்டேன்."

அழுதது மட்டும் உண்மை. போனை வைத்தேன். இவர் ரிமோட்டும் கையுமாக அப்படியே நின்றார்.

"என்ன சொன்னானாம்?"

"தெரியாது."

"விடு, நாளைக்கு யூட்யூப்ல போட்டுருவாம்லா. பாத்துக்கிடலாம்."

நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்தான். தம்பி இன்றைக்கல்லவா கேட்டான்.